எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே

ஃபிரிட்ஜோடு கூடப் பிறந்த திருகில்
ஒன்றிலிருந்து ஏழு வரை எண்கள்.
எதனுடைய ஏழு என்று அதற்கே தெரியாது.
மூடப்போன மதுக்கடையில் அறுபது டாலருக்கு வாங்கிய அன்றே
அதன் பேச்சைக் கேட்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

கால்கூர்லியில் பிப்ரவரி.
கொட்டகைக்குள் நாற்பத்து நான்கு டிகிரி.
வாளியின் வயிற்றில் பத்து.
சுரங்க லாரிகளுக்கு ஒயர் மாட்டும் கைகள் இவை:
ஒரு கறுப்புப் பெட்டி, இரண்டு ரிலே,
சுட்டுவிரல் நீளத்தில் ஒரு சென்சார்.
அதை வாளியின் விலாவில் ஒட்டி
மேலே பஞ்சுத்துண்டு, அதன் மேல் டேப்.
காற்று சொல்வதை நம்பாதே,
பீரைக் கேள் என்று
ஃபிரிட்ஜுக்குச் சொல்லிவைப்பது, அவ்வளவுதான்.

அரை டிகிரி ஏறினால் ஓடு.
நின்ற பின் ஐந்து நிமிடம் மூச்சு வாங்கு,
அதற்குள் கிளம்பினால் கம்ப்ரசர் கருகும்.
இந்த ஐந்து நிமிட விதி
எனக்கும் கிரஹாமுக்கும் இருந்திருந்தால்…
சரி, அது வேறு கதை.

ஆறாம் நாள். நாலு நொடிக்கு ஒரு குமிழி.
இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து
பூட்ஸைக் கழற்றாமல் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வாசலில் ஸ்வோன்கோ, பக்கத்து வீடு.
கையில் ஐஸ்கிரீம் டப்பா,
அதற்குள் ஈரத்துணி,
துணிக்குள் ஐந்து இன்சுலின் பேனா.
"என் ஃபிரிட்ஜ் ராத்திரியே போய்விட்டது, மெரின்.
புதுசு பெர்த்திலிருந்து வர நாலு நாளாம்.
உன் சமையலறையில் கொஞ்சம் இடம்…"

என் சமையலறையில் ஃபிரிட்ஜே கிடையாது.
சாப்பாடு சுரங்க மெஸ்ஸில், பால் பொடியில்.
என் வீட்டில் குளிரில் வாழ்வது
பீர் ஒன்றுதான்.

பேனா அட்டையில் அச்சிட்டிருந்தது: இரண்டிலிருந்து எட்டு.
ஈஸ்ட் பொட்டலத்தில்: ஒன்பதிலிருந்து பதினைந்து.
பாம்பும் சாகாமல் கம்பும் உடையாமல்
ஒரு எண் கிடைக்குமா என்று தேடினேன்.
எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே
ஒரே ஒரு டிகிரி அகலத்தில்
யாருக்கும் பட்டா இல்லாத நிலம்.
எட்டரையில் வைத்தால்
இரண்டு பேருக்கும் துரோகம்.

டேப்பை உரித்தேன்.
ஒரு தம்ளர் தண்ணீரில் சென்சாரைப் போட்டு
பேனாக்களுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
பெட்டியில் அழுத்தினேன்: ஐந்து.
ஃபிரிட்ஜுக்கு விசுவாசம் தெரியாது.
சென்சார் யாரைத் தொடுகிறதோ
அவர் சொன்னபடி ஆடும்.

சாயங்காலம் பத்து நொடிக்கு ஒன்று.
பிறகு நிமிடத்துக்கு ஒன்று.
பிறகு எண்ண ஒன்றுமில்லை.
நள்ளிரவில், குளிர்ந்து சுருங்கிய வாளி
மூச்சைத் திருப்பி இழுத்தது.
வெளியே போக வேண்டிய குமிழி உள்ளே வந்தது,
காற்றுப்பூட்டில் நான் ஊற்றியிருந்த ரம்மில்
ஒரு மிடறோடு.

தினமும் ஸ்வோன்கோ வந்தான்.
சட்டையைத் தூக்கி வயிற்றில் குத்திக்கொண்டே
வாளியைப் பார்த்துக் குரலைத் தணித்துக் கேட்பான்:
"இன்னும் தூக்கமா?"
எழுப்பிவிடுவானோ என்பதுபோல்
மெதுவாகக் கதவைச் சாத்துவான்.

நாலாம் நாள் புது ஃபிரிட்ஜ் இறங்கியது.
அதன் திருகில் ஒன்றிலிருந்து ஐந்து.
"எதில் வைக்கட்டும்?"
எதையும் நம்பாதே,
தண்ணீரில் தெர்மாமீட்டர் போட்டு
ஒரு நாள் பொறுத்துப் பார் என்றேன்.
சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது:
அந்த ஒரு நாளும்
பேனாக்கள் இங்கேதான்.

வாளியின் விலாவில்
பழைய டேப்பின் பசை சதுரமாகக் காத்திருந்தது.
அங்கேயே ஒட்டினேன்.
பத்து: அசையவில்லை.
பதின்மூன்று: அசையவில்லை.
அடியில் படிந்தது கலங்கும்படி
வாளியை மெல்லச் சுழற்றிவிட்டுப்
படுக்கப் போனேன்.
மூன்றாம் இரவு ஒரு குமிழி.
அடுத்ததற்காக நின்றேன்.
நாற்பது நொடி.
அதற்கடுத்தது முப்பத்தெட்டு.

ஏப்ரலில் முதல் பாட்டிலைத் திறந்தோம்.
லேசாக வெண்ணெய் வாசம்,
இனிப்பு ஒரு சுற்றுக் கூடுதல்.
ஸ்வோன்கோ அரைத் தம்ளர் குடித்தான்,
கொஞ்ச நேரம் கழித்து விரலைக் குத்திப் பார்த்தான்,
மீட்டரைக் கவிழ்த்து வைத்தான்.

"இதில் ரம் இருக்கிறதா?" என்றான்.
ஒரு மிடறு, என்றேன்.